மூன்று தீபாவளிக்கு எத்தனை வாரம்?

(செவ்வாப்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சினிமா, பாட்டு, ரேடியோ இவற்றைப் பற்றி நம் மக்கள் கேட்கும் கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. முதல் பேசும் படம் எது, அதிகப் பாட்டு உள்ள படம் எது, பாட்டே இல்லாத படம் எது, இந்தப் பாட்டில் நடிப்பவர் இவர், பாடியவர் யார். டீக்கடையில் கேட்பார்கள், ரயிலில் கேட்பார்கள், பத்திரிகைக் கேள்வி பதில் பகுதிக்குத் தபால் அட்டை எழுதிக் கேட்பார்கள். படித்தவர்கள் சிலர் இதையெல்லாம் பொழுதுபோக்கு அரட்டை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தக் கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிலோடு நின்றுவிடாமல் அந்தப் பதில் எப்படித் தெரிந்தது என்று இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால், நம் ஊரின், நம் காலத்தின் வரலாறு கைக்கு வந்துவிடுகிறது. சில கேள்விகளை அப்படி எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

முதல் கேள்வி, எல்லோரும் கேட்பது. தமிழின் முதல் பேசும் படம் எது? ‘காளிதாஸ்’ என்று இங்குள்ள சிறுவர்கள்கூடச் சொல்வார்கள். 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. பிற்காலத்தில் முருகன் தியேட்டர் என்று பெயர் மாறிய கொட்டகை அது. இயக்கியவர் எச்.எம்.ரெட்டி. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. தயாரித்தது பம்பாயில் ஆர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி. அதே ஆண்டு மார்ச்சில் ‘ஆலம் ஆரா’ என்ற முதல் இந்திப் பேசும் படத்தை வெளியிட்ட அதே கம்பெனி. சென்னையில் அப்போது ஒலிப்பதிவு செய்யக்கூடிய ஸ்டூடியோ ஒன்றுகூட இல்லை. ஆகவே தமிழ் பேசும் படத்தின் பிறப்பிடம் பம்பாய்.

இதோடு பதில் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். நான் அடுத்து ஒன்று கேட்கிறேன். பம்பாயில் எடுத்த படம் சென்னைக்கு எப்படி வந்தது? ரயிலில் வந்தது. படப்பெட்டியைச் சென்ட்ரல் ஸ்டேஷனில் எதிர்கொண்டு, வால்டாக்ஸ் ரோடு வழியாக ஊர்வலமாக எடுத்துப் போனார்கள் என்றும், வழியெல்லாம் பூத்தூவி, தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றினார்கள் என்றும் சினிமா வரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். சரி, பம்பாயிலிருந்து சென்ட்ரலுக்கு வரும் ரயில் எந்தப் பாதையில் வரும்? ராய்ச்சூர், குண்டக்கல், ரேணிகுண்டா, அரக்கோணம். அரக்கோணத்துக்குப் பிறகு திருவள்ளூர், புட்லூர், அதற்கடுத்து செவ்வாப்பேட்டை ரோடு. தமிழ் பேசிய முதல் படம் சென்னைக்குப் போய்ச் சேர்வதற்கு முன் உங்கள் ஊர் ஸ்டேஷனைக் கடந்துதான் போயிருக்கிறது. மெயில் வண்டி இங்கே நின்றிருக்காது. ஆனாலும் சென்ட்ரலில் கற்பூரம் ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்தப் பெட்டி உங்கள் வயல்களுக்கு நடுவே போயிருக்கிறது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயிலும் இதே தடத்தில்தான் ஓடியது என்பது உங்களுக்குத் தெரிந்த செய்தி. அந்தத் தடத்தின் கணக்கில் இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

‘காளிதாஸ்’ முழுக்கத் தமிழ்ப் படமா என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். நடுவே தியாகராஜர் கீர்த்தனைகள் வந்தன. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய ராட்டினப் பாட்டும் வந்தது. காளிதாசன் கதைக்கும் கதர் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குக் கொட்டகையில் இருந்த யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. உப்புச் சத்தியாகிரகம் நடந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்த நேரம். ஜனங்களுக்கு அந்தப் பாட்டு வேண்டியிருந்தது. திரையிலிருந்து தமிழ்க் குரல் வருவதே அதிசயமாக இருந்த நாளில் இலக்கணச் சுத்தம் பார்க்க யாருக்கு மனம் வரும்? ராஜலட்சுமியைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. ஐந்தே ஆண்டுகளில், 1936இல், ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தானே எழுதி இயக்கினார். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் அவர். முதல் கதாநாயகி என்று வினாடி வினாவில் அவர் பெயரைச் சொல்லும் பிள்ளைகள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இந்த ரயில் தடத்துக்கு அதைவிடப் பழைய சினிமா சம்பந்தம் ஒன்று உண்டு. தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் ‘கீசக வதம்’. எடுத்தவர் வேலூரைச் சேர்ந்த ஆர்.நடராஜ முதலியார். மோட்டார் கார், உதிரி பாகம் விற்றுக்கொண்டிருந்த வியாபாரி. பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் காமிரா சுழற்றக் கற்றுக்கொண்டு, கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் இந்தியா ஃபிலிம் கம்பெனி என்று ஆரம்பித்தார். படம் எடுத்தது சென்னையில். ஃபிலிமைக் கழுவியது பெங்களூரில். ஏன் பெங்களூர்? சென்னை வெயிலில் ரசாயனக் கரைசல் சூடேறிப்போகும். கரைசல் சூடானால் ஃபிலிமின் மேல்பூச்சு இளகி உரிந்துவிடும். குளிர்சாதனம் இல்லாத காலம். பெங்களூரின் குளிர்ச்சியை நம்பி அங்கே ஒரு கழுவு அறை வைத்துக்கொண்டு, வார நாட்களில் எடுத்ததை வாரக் கடைசியில் எடுத்துப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயில் எந்த வழி? அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை. இன்னும் யார் கண்ணுக்கும் தெரியாத படம், கழுவப்படாத ஃபிலிமாகச் செவ்வாப்பேட்டையைக் கடந்து போய், கழுவி உருவம் தெரிந்த பிறகு மறுபடி இதே வழியாகத் திரும்பியது.

நடராஜ முதலியார் ஏன் கீசகன் கதையை எடுத்தார் என்பது எனக்குப் பிடித்த கேள்வி. அவருக்கு உதவியவர் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகக் கூட்டாளியான வழக்கறிஞர் ரங்கவடிவேலு. அதனால் இது மேடை நாடகத்திலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அது சரிதான். ஆனால் உங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தோன்றும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள் கணக்கில் நடக்கும் விழா அது. தொண்டை மண்டலத்துக் குடியானவனுக்குக் கீசகனை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. விராட பருவம் படித்தால் மழை வரும் என்ற நம்பிக்கையில் கோடை நாட்களில் அந்தப் பகுதியைப் படிக்கவைத்த ஊர்கள் உண்டு. பேச்சே இல்லாத படத்துக்கு, பார்ப்பவன் மனத்தில் ஏற்கெனவே பேச்சு நிறைந்திருக்கும் கதைதான் பொருத்தம். நடராஜ முதலியார் வேலூர்க்காரர். இந்த வடக்கத்திக் கூத்து மண்ணில் வளர்ந்தவர். வியாபாரியின் கணக்கும் கூத்து பார்த்தவனின் நினைவும் சேர்ந்து செய்த தேர்வு அது என்று நான் நம்புகிறேன். அவருடைய அடுத்த படமும் பாரதம்தான், ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’. திரௌபதியாக நடிக்க நம் பெண்கள் யாரும் முன்வராததால் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்ணை நடிக்கவைத்தார்.

‘கீசக வதம்’ வெளியான ஆண்டு எது என்று புத்தகங்களைப் புரட்டினால் ஒன்றில் 1916, இன்னொன்றில் 1917, வேறொன்றில் 1918 என்று இருக்கும். படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. பிரதி இல்லாத படத்துக்கு விளம்பரம், துண்டுப் பிரசுரம், எடுத்தவர் முதுமையில் சொன்ன நினைவு இவைதான் சாட்சி. வினாடி வினா நடத்தும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: இதற்கு ஒரே ஆண்டைச் சரி என்று வைத்து மற்றதைச் சொன்ன பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். மூன்று ஆண்டுகளும் ஏன் புழக்கத்தில் இருக்கின்றன என்று விளக்கும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

இனி, இந்தப் பேச்சுக்குத் தலைப்பாக வைத்த கேள்விக்கு வருகிறேன்.

‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்ட படம். எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்தது. இந்தப் பெருமையைச் சொல்லாத தமிழன் இல்லை. சென்னை பிராட்வே டாக்கீஸில் ஓடியது. சிலர் இதை ‘மூன்று வருஷம் ஓடியது’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படம் வெளியானது 1944 தீபாவளி அன்று, அக்டோபர் 16. இரண்டாவது தீபாவளி 1945 நவம்பர் தொடக்கத்தில் வந்தது. மூன்றாவது 1946 அக்டோபர் கடைசி வாரத்தில். முதல் தீபாவளி அன்றே படம் வெளியாகிவிட்டதால் அது கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மூன்றாவது தீபாவளி அன்று கொட்டகையில் படம் இருந்தால் போதும். 1944 அக்டோபர் 16 முதல் 1946 அக்டோபர் கடைசி வாரம் வரை எண்ணினால் ஏறக்குறைய 106 வாரம். ஆகவே மூன்று தீபாவளி என்பது இரண்டு வருஷமும் சில நாட்களும். பிராட்வேயில் 110 வாரங்களுக்கு மேல் ஓடியது என்று பதிவு இருக்கிறது. கணக்கு பொருந்திவிட்டது. மூன்று தீபாவளி என்பது உண்மை, மூன்று வருஷம் என்பது மிகை. பாகவதர் புகழுக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. ஒரே ஊரில் ஒரே கொட்டகையில் இரண்டு வருஷம் ஒரு படம் ஓடுவது சாதாரணக் காரியமா?

அடுத்து, ஏன் ஓடியது? பாட்டு என்பார்கள். பாபநாசம் சிவன் எழுதி ஜி.ராமநாதன் இசையமைத்த பாட்டுகள், பாகவதர் குரல், டி.ஆர்.ராஜகுமாரி. மறுக்க முடியாத காரணங்கள். ஆனால் பாகவதரின் வேறு படங்களிலும் நல்ல பாட்டுகள் இருந்தன, அவை மூன்று தீபாவளி காணவில்லை. ஆகையால் அந்த இரண்டு வருஷத்தில் வெளியுலகில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும்.

ஒன்று, யுத்தம். கச்சா ஃபிலிம் முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டியது. கப்பல்கள் யுத்தத்துக்குப் போய்விட்டன. 1943இல் இந்திய அரசு கதைப்படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டது. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 11,000 அடி என்றால் இரண்டு மணி நேரமும் சில நிமிடமும். அதே பாகவதர் 1937இல் நடித்த ‘அம்பிகாபதி’ மூன்றரை மணி நேரம். ‘ஹரிதாஸ்’ இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. படம் கச்சிதமாக இருக்கிறதே என்று இன்று பார்ப்பவர்கள் வியக்கிறார்கள். அந்தக் கச்சிதத்தில் இயக்குநர் சுந்தர்ராவ் நட்கர்னிக்கும் பங்கு உண்டு, டெல்லி சர்க்கார் உத்தரவுக்கும் பங்கு உண்டு. ஃபிலிம் பங்கீட்டால் புதுப்படங்களின் வரத்தும் குறைந்தது. புதுப்படம் வராதபோது ஓடுகிற படத்தைக் கொட்டகைக்காரர் எடுக்க மாட்டார்.

இரண்டு, வழக்கு. படம் வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1944 நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பரில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். அடுத்த ஆண்டு தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில்தான் இருவரும் விடுதலை ஆனார்கள். இப்போது தீபாவளிக் கணக்கை மறுபடி பாருங்கள். மூன்று தீபாவளியில் முதலாவது மட்டும்தான் பாகவதர் வெளியில் இருந்தபோது வந்தது. இரண்டாவது தீபாவளியின்போதும் மூன்றாவதின்போதும் அவர் சிறையில் இருந்தார். அவர் புதிதாக நடிக்க வழியில்லை. ஜனங்களுக்கு அவரைக் காண ஒரே இடம் கொட்டகை. அந்தக் கூட்டத்தில் பாதி, பிரிந்துபோன ஒருவரைப் பார்க்க வந்த கூட்டம் என்பது என் துணிபு. இதைப் புள்ளிவிவரத்தால் நிரூபிக்க இயலாது. ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு வேறு மாதிரி நினைக்கவும் என்னால் முடியவில்லை. தந்தை தாயைத் தவிக்கவிட்ட மகன், கால்களை இழந்து, மனம் திருந்தி, அவர்களுக்குப் பணி செய்யும் கதை ‘ஹரிதாஸ்’. வீழ்ந்தவன் மீள்கிற கதை. நடித்தவர் சிறையில் இருக்கும்போது அதைப் பார்த்த தாய்மார்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள்.

எத்தனை தீபாவளி ஓடியது என்ற ஒரே ஒரு வேடிக்கைக் கேள்விக்குள் உலக யுத்தம், கப்பல் போக்குவரத்து, ஃபிலிம் அடிக்கணக்கு, கொலை வழக்கு, பிரிவி கவுன்சில் இவ்வளவும் அடங்கியிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் 1944 என்றால் என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளையிடம் இந்த வழியாகப் போய்ப் பாருங்கள்.

சில சின்னக் கேள்விகளுக்கு விரைவாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பழைய கிராமபோன் தட்டுகளில் சிலவற்றில் பாட்டு முடிந்ததும் பாடியவர் தம் பெயரைத் தாமே சொல்வார். தற்பெருமையா? இல்லை. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவான தட்டுகளில் தொடங்கிய வழக்கம் அது. பதிவு இங்கே நடந்தாலும் தட்டை அச்சடித்தது ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில். அங்கிருந்த தொழிலாளிக்கு எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று தெரிய வேண்டுமே. அதற்காகச் சொன்னார்கள். 1908இல் கல்கத்தா சியால்டாவில் தட்டுத் தொழிற்சாலை வந்த பிறகு அந்தத் தேவை குறைந்தது. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். உருப்படியும் சீட்டும் மாறிவிடக் கூடாது என்ற கவலைதான். சினிமாப் பாட்டு ஏன் மூன்று மூன்றரை நிமிடம்? பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் கொள்ளும். தட்டு போய், கேசட் போய், சி.டி.யும் போன பிறகும் பாட்டின் நீளம் பெரிதாக மாறவில்லை. ஒரு படத்துக்கு முதன்முதலில் லட்ச ரூபாய் சம்பளம் வாங்கியவர் யார் என்றால் கதாநாயகர்களைத் தேடுவார்கள். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்ததற்குக் கே.பி.சுந்தராம்பாள் வாங்கினார். பாட்டே இல்லாத படம் ‘அந்த நாள்’, 1954, இயக்கியவர் வீணை வித்வான் எஸ்.பாலசந்தர். சங்கீதக்காரர் பாட்டில்லாமல் படம் எடுத்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இசை தெரிந்தவருக்குத்தான் எங்கே இசை வேண்டாம் என்றும் தெரியும்.

டென்ட் கொட்டாயில் ஏன் நாலு இடைவேளை விட்டார்கள் என்று ஒரு மாணவி முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய பாட்டி சொல்லியிருப்பார் போலும். நல்ல கேள்வி. ஊர்க் கொட்டகையில் இரண்டு புரொஜெக்டர் இருக்கும். ஒன்றில் ரீல் முடியும்போது மற்றதில் ஆரம்பித்துவிடலாம். டென்ட் கொட்டாயில் ஒன்றுதான். ரீலைக் கழற்றி அடுத்ததை மாட்டும் வரை விளக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும். முறுக்கு, சோடா விற்றவர்களுக்கு அந்த நேரம் வாழ்வளித்தது. பகல் காட்சி ஏன் இல்லை? கித்தானுக்குள் வெளிச்சம் வரும், திரையில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் ஆட்டம். அதற்கு முன்னால் கூம்பு ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்கும். சுற்றுக் கிராமங்களுக்கு அதுதான் கடிகாரம். பாட்டு கேட்டால் உலையை இறக்கிவிட்டு ஓடிவரலாம். தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொள்வார்கள். கூடாரத்தில் படம் காட்டும் இந்த முறையை நம் நாட்டில் தொடங்கியவர்களில் முன்னவர் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே ஊழியர். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். ரயில் போகும் ஊரெல்லாம் படமும் போகும் என்று ரயில்வேக்காரர் ஒருவருக்குத் தோன்றியது இயல்புதான்.

இன்னொரு கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மட்டும் எந்தப் பாட்டைச் சொன்னாலும் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று நாலும் எப்படி மனப்பாடமாக வருகிறது? பதில் கொழும்பில் இருக்கிறது. 1952இல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் தாழ்ந்தது என்று கருதி ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து அதை விலக்கினார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலி பக்கம் போனார்கள். அங்கே எஸ்.பி.மயில்வாகனனும், பிறகு பி.எச்.அப்துல் ஹமீது, கே.எஸ்.ராஜா போன்றவர்களும் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படத்தின் பெயரையும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும் நிதானமாகச் சொன்னார்கள். கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். இங்கிருந்து போன கடிதங்களைப் படித்தார்கள். 1957 அக்டோபரில் டெல்லி விவித பாரதியைத் தொடங்கியது, ரசிகர்களைத் திரும்பக் கூட்டிக்கொள்ளத்தான். ஆனால் கற்றுக்கொடுத்தது இலங்கை. பின்னால் நின்று பாடியவருக்கும் எழுதியவருக்கும் பெயர் உண்டு என்று தமிழ்நாட்டுக் குடிசைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் அந்த அறிவிப்பாளர்கள். இன்று கைபேசியில் பாட்டு கேட்கும்போது பாடலாசிரியர் பெயர் திரையில் பெரும்பாலும் வருவதில்லை. எனக்கு அது உண்மையாகவே வருத்தம் தருகிறது.

பதில் சொல்ல ஆள் இருந்தால் மட்டும் போதாது, ஆதாரமும் வேண்டும். தென்னிந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் தயாராயின. முழுமையாகப் பிழைத்தது ஒன்றுதான், ‘மார்த்தாண்ட வர்மா’. அது பிழைத்த விதமே ஒரு கதை. சி.வி.ராமன் பிள்ளையின் நாவலை அனுமதி இல்லாமல் எடுத்துவிட்டார்கள் என்று பதிப்பாளர் வழக்குப் போட்டார். 1933இல் பிரதி பறிமுதலாகித் திருவனந்தபுரத்தில் அந்தப் பதிப்பாளரின் புத்தக நிலையத்தில் முடங்கியது. 1974இல் கண்டெடுத்துப் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எடுத்துப் போனார்கள். ஊர் ஊராக ஓடிய படங்கள் தேய்ந்து அழிந்தன. ஓடாமல் முடங்கிய படம் நின்றது. மற்றவை ஏன் போயின? 1950களின் தொடக்கம் வரை ஃபிலிம் நைட்ரேட்டில் செய்தது. தீப்பொறி பட்டால் வெடித்து எரியும், வெயிலில் வைத்தால் பிசுபிசுத்துப் பொடியாகும். எரியாமல் மிஞ்சியதையும் எடைக்குப் போட்டு, அதிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுத்துக்கொண்டார்கள். ‘காளிதாஸ்’ பிரதியும் இன்று இல்லை.

அப்படியானால் நமக்கு இவ்வளவு எப்படித் தெரிகிறது? ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் போன்றவர்களால். 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்குத் தமிழின் முதல் மக்கள் தொடர்பாளராகப் பணி செய்தவர். ஒவ்வொரு படம் வெளியாகும்போதும் அதன் புகைப்படம், விளம்பரம், நடித்தவர் பட்டியல் என்று வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 2016இல் மறையும் வரை, தமிழ் சினிமாவில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போனார்கள். அவர் சேர்த்தவற்றில் முக்கியமானவை கொட்டகை வாசலில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியுமே, அவைதான். சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் அத்தகைய பாட்டுப் புத்தகங்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். படமே அழிந்துபோன பல படங்களுக்கு இன்று அந்தப் பாட்டுப் புத்தகம்தான் பிறப்புச் சான்றிதழ்.

கடைசியாக உங்கள் ஊருக்கான கேள்வி. செவ்வாப்பேட்டைக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் முதல் டென்ட் கொட்டாய் எந்த ஆண்டு, எந்தக் களத்துமேட்டில் அடித்தார்கள்? முதல் படம் எது? இதை எங்கே தேடுவது என்று மட்டும் சொல்கிறேன், தேடுவது மாணவர்கள் வேலை. சினிமா காட்ட உரிமம் வேண்டும். அதை வழங்குவது மாவட்ட நிர்வாகம், ‘சி’ படிவ உரிமம் என்பார்கள். டூரிங் உரிமத்துக்குக் காலக்கெடு உண்டு, ஆகவே மறுபடி மறுபடி மனுப் போட்டிருப்பார்கள். மனுவோடு நிலத்துச் சர்வே எண், வரைபடம், மின் இணைப்புச் சான்று எல்லாம் இணைத்திருப்பார்கள். திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது 1997இல். அதற்கு முந்தைய கோப்புகளுக்குப் பழைய செங்கல்பட்டு மாவட்ட ஆவணங்களைக் கேட்க வேண்டும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வீடுகள். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் ‘என்ன படம் பார்த்தீர்கள்’ என்று கேட்காதீர்கள், பெயர்கள் குழம்பும். ‘யாரோடு போனீர்கள், எந்த வயல் வரப்பு வழியாகப் போனீர்கள், திரும்பும்போது கடைசி வண்டி போய்விட்டிருந்ததா’ என்று கேளுங்கள். அவர்கள் வழியைச் சொன்னால் இடம் தெரியும். இடம் தெரிந்தால் சர்வே எண் தெரியும். சர்வே எண்ணைக் கொண்டு கோப்பைக் கேட்கலாம். பரணில் தகரப் பெட்டியோ பழைய புத்தகக் கட்டோ இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தால் பின்னட்டையை முதலில் திருப்புங்கள். எந்தக் கொட்டகையில், எந்தத் தேதியில் என்று சில சமயம் அங்கே ரப்பர் முத்திரை குத்தியிருப்பார்கள்.